பெருங்குடலில் நியூரோஎண்டோக்ரைன் கார்சினோமா (ஹோர்மோன் சுரக்கும் வகைச் செல்களில் வரும், வேகமாக வளரும் புற்றுநோய்) என்று பயோப்சி றிப்போட் வந்தால் எந்தக் கோட் போடுவது?

ஒன்லைனில் மெடிக்கல் கோடிங் படித்துவிட்டுக் கல்முனையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள், சி7ஏ பிரிவைப் புத்தகத்தில் காணவில்லை என்கிறீர்கள். அது அமெரிக்காவின் நோய்க் கோட் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் உள்ள பிரிவு. இலங்கையில் நாங்கள் பாவிப்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10. அதில் சி7ஏ கிடையாது. பாடநெறியில் அப்படித்தான் சொன்னார்கள் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், அமெரிக்க பில்லுக்கு அதுவே சரி.

எங்களுக்கு இடம்தான் முதல். ஏறு குடல் என்றால் சி18.2, சிக்மோயிட் சி18.7, ஈரலுக்குப் பரவியிருந்தால் கூடவே சி78.7. 'நியூரோ' என்ற சொல்லைப் பார்த்து நரம்பு மண்டலப் பக்கம் போய்விடாதீர்கள்.

ஆனால் சி18.2 மட்டும் போட்டால் சாதாரணமாக வரும் குடல் புற்றுநோயான அடினோகார்சினோமாவோடு இதுவும் கலந்துவிடும். புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு ஐசிடி-ஓ-3 (புற்றுநோய்க்கென்று உள்ள தனிப் பட்டியல்) உருவவியல் கோடும், அதாவது செல் வகையைச் சொல்லும் கோடும், வேண்டும்: லார்ஜ் செல் 8013/3, ஸ்மோல் செல் 8041/3, வகை சொல்லாவிட்டால் 8246/3.

றிப்போட்டில் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் என்ற சாயச் சோதனைகள் பொசிட்டிவ் என்றிருந்தால் நியூரோஎண்டோக்ரைன் என்பது உறுதிப்படும். கார்சினோமாவா இல்லையா என்பதை அவை சொல்லாது. கேஐ-67 சதவீதத்தை (பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் பங்கு) பாருங்கள். 3க்குக் குறைவு ஜி1 (கிரேட் 1), 3 முதல் 20 வரை ஜி2, 20க்கு மேல் ஜி3. இங்கேதான் அதிகம் பிழை நடக்கிறது. 20க்கு மேல் என்றவுடன் கார்சினோமா என்று எழுதிவிடுகிறார்கள். நன்கு வேறுபட்ட (செல்கள் இயல்பான செல்லை ஒத்திருக்கும்) கட்டியும் ஜி3 ஆகலாம்; அதற்கு 8249/3. 'புவர்லி டிஃபரென்ஷியேட்டட்' (செல்கள் இயல்பான தோற்றத்தை இழந்தது) என்று நோயியல் நிபுணர் எழுதியிருந்தால் மட்டுமே கார்சினோமா. இரண்டுக்கும் மருந்தே வேறு: கார்சினோமாவுக்கு வழமையாக பிளாட்டினம், எட்டோபொசைட், மெல்ல வளரும் கட்டிக்கு ஒக்ட்ரியோடைட் போன்றவை. சந்தேகம் என்றால் நீங்களாக முடிவெடுக்காமல் நிபுணரிடமே கேளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனம் பொறுக்கவில்லை. டயக்னோசிஸ் கார்ட்டில் 'சிஏ கோலன்' (பெருங்குடல் புற்றுநோய்) என்று இரண்டே சொல் எழுதி ஆளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பயோப்சி முடிவு பிறகுதான் வரும். அதற்குள் பி.எச்.ரி. (வார்ட்டில் நோயாளிக்கு எழுதும் பதிவேடு) கோட் போடப்பட்டு றெக்கோட் றூமுக்குப் போய்விடும். முடிவோ வாழைச்சேனையிலிருந்து கிளினிக் வரும் அம்மாவின் பொலித்தீன் பைக்குள் கிடக்கும். அரிதான நோய் கணக்கில் அரிதாகவே தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். குடல் பயோப்சி எடுத்த பி.எச்.ரி.களைத் தனியாக ஒரு கொப்பியில் குறித்துவைத்து, முடிவு வந்ததும் எடுத்துத் திருத்துங்கள்.