'டிங்' சத்தத்தை மட்டும் நிறுத்த

செங்கோட்டை அண்ணாச்சிக்கு வணக்கம். ராத்திரி குரல் பதிவு செய்யும்போது விண்டோஸ் போடும் 'டிங்' சத்தம் பதிவில் விழுகிறது, ஸ்பீக்கரை அணைத்தாலோ பதிவைக் கேட்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஸ்பீக்கரைத் தொடவே வேண்டாம்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து 'சவுண்ட் செட்டிங்ஸ்' போங்கள். உங்களுடையது விண்டோஸ் 11 என்பதால், கீழே கடைசியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' இருக்கும். அதைத் திறந்தால் பழைய காலத்துச் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் 'சவுண்ட்ஸ்' தாவலில், சவுண்ட் ஸ்கீம் என்ற இடத்தில் 'நோ சவுண்ட்ஸ்' தேர்ந்தெடுத்து அப்ளை கொடுங்கள். அடியில் ஸ்டார்ட்அப் சவுண்ட் டிக் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பாட்டு, வீடியோ, உங்கள் பதிவு எல்லாம் வழக்கம்போலக் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் என் ஜெராக்ஸ் கடையில் இப்படி மொத்தமாக அணைத்துவிட்டு, பிழைச்செய்தி வந்தது தெரியாமல் கால் மணி நேரம் பிரிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு மாநில பஸ்களின் ஹாரனுக்கு நடுவிலும் அந்த 'டிங்' உதவியாகத்தான் இருந்திருக்கிறது! அதனால் அதே 'சவுண்ட்ஸ்' தாவலில் உள்ள பட்டியலில், பெரிய பிழை வந்தால் ஒலிக்கும் 'கிரிட்டிக்கல் ஸ்டாப்' ஒன்றுக்கு மட்டும் மறுபடி ஒரு ஒலி வைத்துக்கொண்டேன்.

வாட்ஸாப் மாதிரியானவை தனியாகச் சத்தம் போடும். செட்டிங்ஸில் சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் ஒலிக்கான டிக்கை எடுங்கள். கேப்ஸ் லாக் அழுத்தும்போது 'பீப்' வந்தால் அது டாகிள் கீஸ். அதே செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, கீபோர்டு பக்கத்தில் அணைக்கலாம்.