ஹெச்பிவியின் வாயை அடைக்குமா இன்டர்ஃபெரான்? ஆச்சியிடம் கேட்டவை

(காரைக்குடியில் செல் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆச்சி, கர்ப்பப்பை வாய்ப் புற்றையும் அதை உண்டாக்கும் ஹெச்பிவி என்ற வைரஸையும் பற்றி நம் குழுவினர் கேட்டதற்குச் சொன்ன பதில்கள். இன்டர்ஃபெரான் என்பது வைரஸை எதிர்க்க உடம்பு சுரக்கும் சிக்னல் புரதம்.)

தேவகோட்டை, பி.எஸ்சி. மாணவி: ஆச்சி, புற்றுச் செல்லுக்குள் வைரஸ் முழுசாகவே இருக்குமா?

பல கட்டிகளில் முழுசாக இருக்காது ஆத்தா. அதன் டிஎன்ஏ நம் குரோமோசோமில் செருகிக்கொண்டிருக்கும். செருகும்போது வைரஸின் ஈ2 என்ற ஜீன் பெரும்பாலும் உடைந்துபோகும். ஈ6, ஈ7 என்ற வைரஸ் ஜீன்கள் இரண்டையும் அடக்கி வைத்திருந்ததே அதுதான். அப்புறம் அவற்றைக் கேட்பாரில்லை. செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பிரேக்குகள் பி53, ஆர்பி என்ற நம் புரதங்கள். ஈ6 பி53ஐ அழிக்கவைக்கும், ஈ7 ஆர்பியை முடக்கும்.

பள்ளத்தூர்: அந்த இரண்டையும் உடம்பே அணைக்காதா?

ஓரளவு அணைக்கும். டி செல்கள், என்கே செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற வகையைச் சுரக்கும். அது செல்லின் ஏற்பியில் ஒட்டியதும் ஸ்டாட்1 புரதம் உட்கருவுக்குப் போய் செல்லின் காப்பு ஜீன்களை எழுப்பும். 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கர்ப்பப்பை வாய்க் கட்டியிலிருந்து வந்து, ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஹீலா செல்களில் இருப்பது ஹெச்பிவி 18 என்ற வகை. அந்தச் செல்களில் இன்டர்ஃபெரானைச் சேர்த்து ஆர்என்ஏவைப் பிரித்து அளந்தபோது, ஈ6, ஈ7 ஜீன்களின் கட்டளையைச் சுமக்கும் ஆர்என்ஏ குறைந்திருந்தது. ஆனால் ஹெச்பிவி 16 வகை உள்ள சிஹா, காஸ்கி என்ற வேறு ஆய்வகப் புற்றுச் செல்களும் அப்படியே நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. செல்லுக்குச் செல் பலன் மாறும். ஒரே செல்வகையை வைத்து "கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று வரும் செய்தியை நான் நம்புவதில்லை.

கானாடுகாத்தான்: பிறகு ஏன் ஆச்சி புற்று வளர்கிறது?

வைரஸ் சும்மாவா இருக்கும்? காவல்காரனின் விசிலையே பிடுங்கிக்கொள்ளும் திருடன் அது. இன்டர்ஃபெரானை உண்டாக்கச் சொல்லும் ஐஆர்எஃப்3 என்ற நம் புரதத்தை ஈ6 பிடித்துவைக்கும். அதே குடும்பத்து ஐஆர்எஃப்1இன் வேலையை ஈ7 கெடுக்கும், செல்லுக்குள் அந்நிய டிஎன்ஏ வந்தால் எச்சரிக்கும் ஸ்டிங் பாதையையும் தடுக்கும்.

கோட்டையூர்: அப்படியானால் அழற்சி கூடினால் நல்லதுதானே?

இல்லை அண்ணே. டிஎன்எஃப் போன்ற அழற்சி சிக்னல் சில செல்களில் வைரஸ் ஜீனை அடக்கும். முற்றிய புற்றுச் செல்லில் அது அப்படிப் பலிக்காமல் போகலாம். ஏபி-1 என்ற புரதம் கிளம்பினால், அதே வைரஸ் ஜீன்களின் சுவிட்சைத் தட்டியும் விடும்.

காரைக்குடி: கஷாயம் குடித்தால்?

ருசியாக இருந்தால் குடியுங்கள். ஈ6க்கு அது கேட்காது.

புதுவயல்: என் மகளுக்கு 12 வயது. தடுப்பூசி போட்டால் ஈ6, ஈ7 அணையுமா?

அணையாது. எல்1 என்ற வெளி உறைப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கி, வைரஸ் செல்லுக்குள் நுழையாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். மகளுக்கு இப்போதே போடலாம். உங்களுக்கு 30 தாண்டியிருக்குமே, நீங்கள் ஹெச்பிவி பரிசோதனைக்குப் போங்கள்.