கேள்வி - பதில்: மெக்மர்டோவின் இரண்டு கரைகள்

கேள்வி: அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ சவுண்ட் என்ற கடற்பகுதியில் கிழக்குக் கரையோரம் கடல்தரை உயிர்களால் நிரம்பியிருக்கிறது, மேற்கில் அப்படி இல்லை என்று படித்தேன். இரண்டு பக்கமும் ஒரே குளிர்தானே?

பதில்: குளிர் ஒன்றுதான். இரு பக்கமும் நீர் மைனஸ் 1.9 டிகிரியை ஒட்டியே இருக்கும். வேறுபடுவது இரை.

கிழக்கே, ராஸ் தீவை ஒட்டி, திறந்த கடல்நீர் வடக்கிலிருந்து வருகிறது. டிசம்பர், ஜனவரியில் அங்கே பெருகும் மிதவைப் பாசிகளை அது கடற்பனிக்கு அடியில் கொண்டுவந்து கொட்டுகிறது. மேற்கே, நியூ ஹார்பர் பக்கம் வருவது, கடலில் மிதக்கும் பெரும் பனித்தட்டான ராஸ் பனியடுக்கின் அடியிலிருந்து வெளியேறும் நீர். வெயிலே படாமல் கிடந்த அந்த நீரில் இரை மிகக் குறைவு. போதாததற்கு, அங்கே கடற்பனி பல ஆண்டுகள் உடையாமல் கிடந்து வெளிச்சத்தையும் மறைத்துவிடுகிறது.

கடல் உயிரியலாளர்கள் பால் டேட்டனும் ஜான் ஆலிவரும் 1977-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கிழக்குப் பக்கச் சேற்றில் சதுர மீட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சிற்றுயிர்கள். மேற்கில் சில ஆயிரம்தான். கரையோர ஆழத்திலேயே ஆழ்கடல் தரையின் வறுமை! ஆழ்கடலில் உயிர் குறைவதற்கு ஆழத்தைவிடப் பட்டினியே பெரிய காரணம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

கேள்வி: மெக்மர்டோவில் கடல்தரையிலேயே பனிக்கட்டி முளைக்கிறது என்கிறார்களே. பனிக்கட்டி மிதக்கும். பிறகு எப்படி அது அங்கே முளைக்கிறது?

பதில்: அழுத்தம் கூடினால் உறைநிலை இறங்கும், 100 மீட்டருக்குச் சுமார் 0.075 டிகிரி. பனியடுக்கின் அடிப்பாகத்தை ஆழத்தில் தொட்டு உருக்கும் நீர், அந்த ஆழத்துக்குரிய உறைநிலை வரை குளிர்ந்துவிடும். அதே நீர் மேலே ஏறும்போது, அங்குள்ள உறைநிலையைவிடக் குளிர்ந்த நீராகிவிடுகிறது. பாறை, கடற்பஞ்சு, எது கிடைத்தாலும் பற்றிக்கொண்டு தகடு தகடாக உறையும். இதுதான் நங்கூரப் பனி. அளவுக்கு மீறி வளர்ந்தால், பிடித்த உயிரையும் பெயர்த்துக்கொண்டு மேலே போய்க் கடற்பனியின் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

நங்கூரப் பனி உருவாகும் ஆழத்துக்கு டேட்டன் குழுவினர் 1960-களில் கண்ட எல்லை சுமார் 33 மீட்டர். 15 மீட்டர் வரை தரை ஏறக்குறைய வெறுமை; நட்சத்திர மீன், கடல் முள்ளெலி போல நகரக்கூடியவை மட்டும் வந்து மேய்ந்துவிட்டுப் போகும். 15 முதல் 33 வரை மென்பவளமும் அனிமோனும். அதற்குக் கீழேதான் கடற்பஞ்சுகளின் ராஜ்ஜியம்.

இந்தக் கோடு நிரந்தரமல்ல. 1970-களில் நங்கூரப் பனி குறைந்தபோது, ஹோமாக்சினெல்லா என்ற வேகமாக வளரும் கடற்பஞ்சு ஆழம் குறைந்த பகுதியில் மளமளவென்று பரவியது. பனி திரும்பியதும் பெரும்பாலானவை அழிந்தன.