டேபெர்ரி வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றதா? பழம் புளிக்கும் என்கிறார்களே?

கேட்டவர் வீட்டில் ஏற்கெனவே ராஸ்பெர்ரி இருக்கிறது. பக்கத்திலேயே, பிளாக்பெர்ரியையும் ராஸ்பெர்ரியையும் இணைத்து உருவாக்கிய டேபெர்ரியும் வைக்கலாமா என்பது கேள்வி. தாராளமாக வைக்கலாம். புளிக்கும் என்று சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை. சிவப்பாக இருக்கும்போதே பறித்துத் தின்றிருப்பார்கள், அவ்வளவுதான்.

டேபெர்ரியின் சிவப்பு ஆளை ஏமாற்றும். காய் பச்சையிலிருந்து சிவந்து பளபளக்கும்போது, ராஸ்பெர்ரி பறித்துப் பழகிய கை தானாக நீளும். இழுத்துப் பாருங்கள், காம்பு விடாது. பலவந்தமாகப் பிடுங்கினால் வாய் கூசும் புளிப்பு. இன்னும் சில நாள் விட்டால் நிறம் ஊதா கலந்த கருஞ்சிவப்பாகும், மேல் பளபளப்பு சற்று மங்கும். அப்போது இரண்டு விரலால் பிடித்து லேசாகத் திருப்பினாலே கையோடு வந்துவிடும். புளிப்பு முழுவதும் போகாது, ஆனால் இனிப்புக்குப் பின்னால் போய் நிற்கும். இன்னொரு வித்தியாசம்: ராஸ்பெர்ரியைப் பறித்தால் நடுக்குருத்து செடியிலேயே நின்று, பழம் தொப்பி போல உள்ளே வெறுமையாக வரும். இதில் பிளாக்பெர்ரி போலக் குருத்தும் பழத்தோடு சேர்ந்தே வரும். பழமும் பெரிது, நன்கு விளைந்தால் நான்கு சென்டிமீட்டர் நீளம் வரை.

இவ்வளவு நல்ல பழம் ஏன் கடையில் கிடைப்பதில்லை? நன்றாகப் பழுத்த டேபெர்ரி மிகவும் மெத்தென்றிருக்கும். இயந்திரம் வைத்துப் பறிக்க முடியாது. ஒவ்வொன்றாகக் கையால்தான் எடுக்க வேண்டும். எடுத்ததும் இரண்டு நாள் தாங்குவதே பெரிது. வியாபாரிக்கு இது தலைவலி. வீட்டுக்காரருக்கு என்ன கவலை, செடிக்கும் வாய்க்கும் நடுவே பத்தடிதான்.

இது ஸ்காட்லாந்துக்காரர்களின் படைப்பு. டெரெக் ஜென்னிங்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் டண்டீ நகருக்கு அருகில் இன்வர்கவுரியில் 'அரோரா' என்ற பிளாக்பெர்ரியையும் ஒரு ராஸ்பெர்ரியையும் இணைத்து உருவாக்கினார், 1979இல் வெளிவந்தது. பெயர் அங்கே ஓடும் டே ஆற்றுடையது. இதற்கு நூறாண்டு முன்பு, 1880களில், கலிபோர்னியாவில் லோகன் என்ற நீதிபதியின் வீட்டுத் தோட்டத்தில் அருகருகே நின்ற பிளாக்பெர்ரியும் ராஸ்பெர்ரியும் தாமாகவே கலந்து லோகன்பெர்ரி பிறந்தது. அவருக்குத் தற்செயலாக வாய்த்ததை இவர் திட்டமிட்டுச் செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் செய்த முட்டாள்தனத்துக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பது இலையுதிர் காலத்தில் காய்க்கும் ராஸ்பெர்ரி என்றால் இதைக் கவனமாகப் படியுங்கள். அந்த வகையை ஆண்டுதோறும் தரையோடு வெட்டிவிடுவோம். புதுத் தண்டு முளைத்து அதே ஆண்டு காய்க்கும். அந்தப் பழக்கத்தில் டேபெர்ரியையும் குளிர்காலத் தொடக்கத்தில் மொட்டையடித்துவிட்டேன். அடுத்த ஆண்டு தண்டுகள் தளதளவென்று வளர்ந்தன, பூ ஒன்றுகூட இல்லை. செடி மலடோ என்று பிடுங்கிப் போடவும் பார்த்தேன். பழி செடி மேல் இல்லை. டேபெர்ரித் தண்டின் ஆயுள் இரண்டு ஆண்டு: முதல் ஆண்டு வளரும், இரண்டாம் ஆண்டு பூத்துக் காய்த்துக் காய்ந்துபோகும். காய்த்து முடித்த தண்டை மட்டும்தான் அடியோடு வெட்ட வேண்டும். நானோ அடுத்த ஆண்டு விளைச்சலை மொத்தமாக வெட்டி மக்குக் குழியில் போட்டிருந்தேன்.

எது பழைய தண்டு, எது புதியது என்ற குழப்பம் வராமலிருக்க ஒரு வழி உண்டு. சுவரிலோ இரண்டு கம்பங்களுக்கு நடுவிலோ முப்பது சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கைந்து கம்பிகளை இழுத்துக் கட்டுங்கள். காய்க்கும் தண்டுகளை இடப்பக்கம் விசிறி போல விரித்துக் கட்டி, புதிதாக முளைப்பவற்றை வலப்பக்கம் ஒதுக்குங்கள். அடுத்த ஆண்டு பக்கம் மாறும். பழைய தண்டை வெட்டும் கவாத்து நாளில் யோசிக்கவே வேண்டாம், ஒரு பக்கத்தை அப்படியே வெட்டலாம். இதைச் செய்யாமல் விட்டால் முள்ளில் விழுந்த சேலையை எடுக்கும் வேலைதான். முள் சிறிதென்றாலும் எண்ணிக்கை அதிகம். முள்ளுக்குப் பயந்தால் 'பக்கிங்காம்' என்ற முள்ளில்லாத வகை இருக்கிறது.

ஒரு செடிக்கு இரண்டரை மீட்டர் அகலம் ஒதுக்குங்கள். ஒரே செடி போதும், தன் மகரந்தத்திலேயே காய்க்கும். மண் லேசான அமிலத்தன்மையோடு, நீர் தேங்காமல் இருக்க வேண்டும். மக்கிய எரு, அடியில் மூடாக்கு, காய் பருக்கும்போது நல்ல தண்ணீர். குளிர்காலம் என்று ஒன்று இல்லாத வெப்பப் பகுதியில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். செடி ஓய்வெடுக்கக் குளிர் வேண்டும்.

பறவைகளுக்கு நம்மைப் போலக் காத்திருக்கத் தெரியாது, சிவப்பிலேயே கொத்தும். நிறம் மாறத் தொடங்கும்போதே வலை போட்டுவிடுங்கள். ராஸ்பெர்ரி வண்டு உங்கள் தோட்டத்துக்கு ஏற்கெனவே வந்திருந்தால் இதையும் விடாது. காம்புப் பக்கம் பழம் காய்ந்து பழுப்பாகத் தெரிந்தால் பிளந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள், உள்ளே சிறு புழு இருக்கலாம்.

ஒரே செடி வாங்கினால் போதும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கோடை முடிவில் கட்டாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒரு தண்டைத் தூக்கிப் பார்த்தேன், வரவில்லை. நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வெள்ளை வெளேரென்று வேர் விட்டு ஊன்றியிருந்தது. அதுவே பதியன். நீங்களாகச் செய்வதென்றால் நுனியைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். வசந்தம் வந்ததும் தாய்த் தண்டிலிருந்து வெட்டிப் பெயர்த்து நடலாம். நான் கவனிக்காமல் விட்ட ஒன்று வேலிக்கு அடியில் நுழைந்து பக்கத்து வீட்டில் முளைத்திருக்கிறது. அவர்கள் இன்னும் சிவப்பிலேயே பறித்துக்கொண்டிருக்கிறார்கள்.