கறுப்புத் தோலில் குத்திய பச்சையை லேசரால் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் எந்த லேசர் என்று கேட்காமல் கையை நீட்டாதீர்கள். லேசருக்கு மை எது, தோல் எது என்று தெரியாது. எது ஒளியை உறிஞ்சுகிறதோ அது சூடாகும். நம் தோலில் மெலனின், அதாவது தோலுக்குக் கறுப்பு தரும் நிறமி, அதிகம். அலைநீளம் குறைந்த ஒளி மையோடு சேர்த்துத் தோலையும் சுட்டுவிடும். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் என்ற வகை லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சும், ஆழமாகவும் இறங்கும். கறுப்பு மைக்கு அதுதான் சரி. சிவப்பு மைக்கு 532, பச்சை நிற மைக்கு 694 அல்லது 755 நானோமீட்டர் தேவைப்படும். சிக்கலே அங்கேதான், அவை மெலனின் அதிகம் உறிஞ்சும் அலைநீளங்கள் என்பதால் வெள்ளைத் திட்டோ கருந்திட்டோ விழலாம்.

ஒளி படும்போது கடுகு வெடிப்பதுபோல் சடசடக்கும். மை இருந்த இடம் மாவு பூசியதுபோல் சில நிமிடம் வெளுக்கும். பயப்படாதீர்கள், உள்ளே உண்டாகும் வாயுக் குமிழிகள்தான் அது.

லேசர் பட்டுப் பொடியான மையை உடலின் வெள்ளணுக்கள் மெல்லத்தான் அள்ளிப் போகும். அதனால் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் நடுவே 6 முதல் 8 வாரமாவது விடுவார்கள். கறுத்த தோலுக்கு இன்னும் தள்ளிப்போட்டாலும் நல்லதே. 'ரெண்டே தடவையில போயிடும்' என்பவரை நம்பாதீர்கள்.

காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்ததுண்டா? அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், ஓர் ஓரத்தில் மட்டும் சோதித்துப் பார்த்து, சில வாரம் கழித்து மீதியைத் தொடச் சொல்லுங்கள்.