நிக்கல் தேஞ்ச பழைய ரிவால்வர்: மறுபடி முலாம் போடலாமா?

கேள்வி: பழைய ஸ்மித் அண்ட் வெஸன் டாப் பிரேக் ரிவால்வர் (மேல் பூட்டை விடுவிச்சா பேரல் கீழ மடங்கித் திறக்கற ரகம்) ஒண்ணு விலைக்கு வருது சார், நிக்கல் பூச்சு. பேரல் நுனியிலயும் சிலிண்டர் ஓரத்துலயும் பளபளப்பு போயி சாம்பல் கலர்ல இருக்கு, ஃப்ரேம்ல ஒரு இடத்துல பூச்சு உரிஞ்சு வந்திருக்கு, அங்கங்க பழுப்புப் புள்ளி வேற. விக்கிறவர் கம்பெனி பூச்சுதான்னு சத்தியம் பண்றாரு. நம்பலாமா? வாங்கிட்டா புதுசா பிளேட்டிங் போட்டுடலாமா?

பதில்: பிளேட்டிங் போடற நினைப்பை இப்போதைக்குத் தள்ளி வைங்க. நிறைய நல்ல துப்பாக்கிங்க துருவால கெட்டதை விட பஃப்பிங் வீல்ல (பாலிஷ் போடற சுழல் சக்கரத்துல) கெட்டதுதான் அதிகம்னு நான் நினைக்கிறேன். கையில வாங்கினதும் திறந்து சிலிண்டர்ல குண்டு போடற எல்லா அறையும் காலியான்னு கண்ணால பாத்து விரலாலயும் தொட்டுப் பாத்துடுங்க, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

கம்பெனி பூச்சான்னு கண்டுபிடிக்க முதல்ல பளபளப்பைப் பாக்காதீங்க, ட்ரிகரையும் (விசை) ஹேமரையும் (பின்னாடி இருக்கற சுத்தியல்) பாருங்க. ஸ்மித் அண்ட் வெஸன்ல வழக்கமா அது ரெண்டுக்கும் நிக்கல் போட மாட்டாங்க, கேஸ் ஹார்டனிங் (இரும்போட மேல்பரப்பை மட்டும் கடினமாக்கறது) பண்ணி அப்படியே விட்டுடுவாங்க, சாம்பலும் நீலமும் பழுப்பும் கலந்து திட்டுத் திட்டா இருக்கும். பழைய டாப் பிரேக்ல ட்ரிகர் கார்டும் (விசையைச் சுத்தி இருக்கற வளையம்) பொதுவா நீல ஃபினிஷ்தான். ஹேமர், ட்ரிகர், ட்ரிகர் கார்டு எல்லாமே ஒரே சீரா மின்னுச்சுன்னா பின்னாடி யாரோ மொத்தமா முக்கி எடுத்திருக்காங்கன்னு பெரும்பாலும் சொல்லிடலாம்.

அடுத்தது எழுத்து. பேரல் மேல இருக்கற பேரும் பேடன்ட் தேதியும் கூர்மையா இருக்கா, இல்ல மழுங்கிப் போயிருக்கா? மறுபடி முலாம் போடறதுக்கு முன்னாடி பாலிஷ் பண்ணியே ஆகணும், அதுல அவசரப்பட்டா எழுத்து மெலிஞ்சுடும், விளிம்பு உருண்டுடும், ஸ்க்ரூ ஓட்டையோட வாய் சுத்தி உள்வாங்கிடும். இன்னொண்ணு, பளபளப்புக்கு அடியில துருப் பள்ளம் தெரிஞ்சா அது கம்பெனி வேலை இல்ல, பள்ளம் விழுந்த இரும்பு மேல புதுத் துப்பாக்கிக்கு யாரும் பூச்சு போட மாட்டாங்க. கைப்பிடி அடியில சீரியல் நம்பர் பக்கத்துல சின்ன நட்சத்திர முத்திரை இருந்தா கம்பெனிக்கே திரும்பப் போயி வேலை பாத்துட்டு வந்ததுன்னு அர்த்தம், அது நல்ல வேலைதான் ஆனா முதல் பூச்சுன்னு சொல்லி விக்கக் கூடாது. கலரையும் ஒரு வெள்ளைப் பேப்பர் பக்கத்துல வெச்சுப் பாருங்க, நிக்கல்னா லேசா மஞ்சள் ஓடும், குரோம்னா நீலம் தட்டும்.

இப்ப தேய்மானம். தேஞ்சது வேற, உரிஞ்சது வேற, இதைப் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. உறைக்குள்ள போட்டு எடுத்துத் தேஞ்ச இடத்துல பூச்சு கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சு இரும்போட கலந்து போயிருக்கும், நகத்தால தடவினா எங்கயும் தட்டாது. நீங்க சொல்ற பேரல் நுனி, சிலிண்டர் ஓரம் இந்த ரகம்தான், அதைப் பத்திக் கவலையே படாதீங்க, நேர்மையா வயசான துப்பாக்கி அப்படித்தான் இருக்கும். உரிஞ்ச இடத்துல ஓரம் படி மாதிரி நிக்கும், நகம் மாட்டும். கேள்வி என்னன்னா அந்த ஓரத்துக்கு அடியில துரு ஓடுதா இல்லையா.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, துத்தநாகப் பூச்சு தான் அரிச்சுப் போயி இரும்பைக் காப்பாத்தும், நிக்கல் அதுக்கு நேர் எதிர். நிக்கல்ல ஊசி முனை அளவு ஓட்டை இருந்து ஈரம் பட்டா அடியில இருக்கற இரும்புதான் அரிக்கும், அதுவும் வெறும் இரும்பை விட வேகமா. துரு பருத்து மேல இருக்கற பூச்சைத் தூக்கி விட்டுடும். அதனால வெளுத்த இடத்தை விட அந்தப் பழுப்புப் புள்ளிங்கதான் முக்கியம். புள்ளி மேல மெல்லிசான எண்ணெய் வெச்சு ராத்திரி பூரா ஊற விட்டு மரக்குச்சியாலயோ பித்தளைத் துண்டாலயோ மெதுவா சுரண்டுங்க, ஸ்டீல் உல் வேணாம், நிக்கல்ல கீறல் விழும். தூக்கின ஓரத்தைத் தேய்க்கவே தேய்க்காதீங்க. சுத்தமானதும் மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகு லேசா தடவிடுங்க, தோல் உறைக்குள்ள போட்டு மட்டும் வெச்சிடாதீங்க, தோல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்.

கேள்வி: என் துப்பாக்கியில நிக்கல் உரியல, ஆனா பால் படிஞ்ச மாதிரி மங்கிடுச்சு. பேரலுக்குப் போடற சால்வென்ட்லயே முழுசும் துடைக்கலாமா?

பதில்: அந்த பாட்டில்ல அமோனியா இருந்தா கூடாது. செம்பு எடுக்கற சால்வென்ட்ல அது சாதாரணமா இருக்கும், சில பூச்சுங்களுக்கு அடியில செம்பு ஒரு லேயர் இருக்கும், கீறல் வழியா உள்ள போயி அந்தச் செம்பைக் கரைச்சா மேல இருக்கற நிக்கல் செதில் செதிலா வந்துடும். பேரலுக்குள்ள போட்டாலும் வெளிய சிந்தினதை உடனே துடைங்க. மங்கலுக்கு ஃப்ளிட்ஸ் மாதிரி மென்மையான மெட்டல் பாலிஷ் கொஞ்சூண்டு மெல்லிய துணியில எடுத்து கையாலயே தேய்ச்சா போதும், மெஷின் வேணாம். ஒவ்வொரு பாலிஷும் கொஞ்சம் நிக்கலை எடுத்துட்டுதான் போகும், மாசா மாசம் பண்ற வேலை இல்ல இது.

கேள்வி: வினிகர்லயும் உப்புலயும் நிக்கல் துண்டைப் போட்டு கரன்ட் குடுத்து வீட்லயே பூச்சு போடறாங்களே, செய்யலாமா?

பதில்: துப்பாக்கிக்கு வேணாம். நிக்கல் உப்பு தோல்ல பட்டா அலர்ஜி வரும், மூச்சுல போனா புற்றுநோய் ஆபத்து. நிக்கலுக்குப் பதிலா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மாட்டினா ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்னு ஒரு விஷமான குரோமியம் கரைசல்ல சேரும், தயவுசெஞ்சு அந்தப் பக்கமே போகாதீங்க. இன்னொரு விஷயம், ஆசிட்லயும் பிளேட்டிங்லயும் ஹைட்ரஜன் இரும்புக்குள்ள ஏறும், கடினமான ஸ்டீல் அதனால நொறுங்கும், ஸ்பிரிங் திடீர்னு உடையும். தெரிஞ்சவங்க ஸ்பிரிங்கைக் கழட்டி வெச்சுட்டுதான் வேலையே ஆரம்பிப்பாங்க, மத்த கடினமான பாகங்களை பிளேட்டிங் முடிஞ்ச கையோட 190 டிகிரி செல்சியஸ் வாக்குல பல மணி நேரம் அடுப்புல வெச்சு ஹைட்ரஜனை வெளியேத்துவாங்க.

பழமைக்கான மதிப்பு எதுவும் இல்லாத, பாதிக்கு மேல உரிஞ்சு போன துப்பாக்கின்னா தாராளமா பிளேட்டிங்குக்குக் குடுங்க, நல்ல ஆளா பாத்துக் குடுங்க. குடுக்கறப்போ நேராவே கேளுங்க: பழைய நிக்கலை கெமிக்கல்ல எடுப்பீங்களா இல்ல அரைச்சு எடுப்பீங்களா, சிலிண்டர் அறையையும் பேரல் உள்பக்கத்தையும் அடைச்சுட்டுப் போடுவீங்களா, சீரியல் நம்பர் மேல பஃப்பிங் படாம பாத்துப்பீங்களா. நம்பர் மழுங்கினா பல நாட்டுல சட்டப் பிரச்சினை ஆகிடும். இந்த மூணுக்கும் தயங்காம பதில் வரலைன்னா துப்பாக்கியைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க.