பத்தியைப் பார்த்து விடை எழுதிவிடுகிறார்கள். புரிந்துதான் எழுதுகிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இது: "ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பேசேஜ் கொடுத்துக் கேள்வி கேட்டால் பாதிப் பேர் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். அதே பத்தியில் என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழில் கேட்டால் விழிக்கிறார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனை எப்படித்தான் சோதிப்பது?"

முதலில் இந்தத் தமிழ் வாக்கியத்தைப் படியுங்கள்.

"கிம்பலன் ஒரு தோவரையைச் சுமிழ்த்து மெரட்டில் பிலக்கினான்."

தோவரையைச் சுமிழ்த்தது யார்? கிம்பலன். எங்கே பிலக்கினான்? மெரட்டில். இரண்டு கேள்விக்கும் முழு மதிப்பெண். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே கிடையாது. உங்கள் மாணவர்கள் செய்வதும் இதுதான். 'ஹூ' என்றால் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரைத் தேடுகிறார்கள், 'வென்' என்றால் எண்ணைத் தேடுகிறார்கள், 'ஒய்' என்றால் 'பிகாஸ்' இருக்கும் வரியை அப்படியே இறக்கிவைக்கிறார்கள். இது அவர்கள் தப்பு இல்லை. நம் கேள்விகள் அதற்கு மேல் எதையும் கேட்பதில்லை. பாடப்புத்தகப் பாடமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பின்பயிற்சிக் கேள்விகளுக்குக் கைடில் விடை இருக்கும். நாம் திருத்துவது பிள்ளையின் ஞாபகசக்தியை. ஆகவே சோதிக்கிற பத்தி எப்போதும் புதியதாக இருக்கட்டும்.

கேள்வி அமைப்பதை ஒரு மாதிரியை வைத்தே சொல்கிறேன். வினாத்தாளில் இது ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே தமிழில் தருகிறேன்:

"அன்று காலை செல்வியின் அப்பா படகை எடுக்கவில்லை. துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகும் கடலுக்குக் கிளம்பிய சிலர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். உச்சிவேளையில் அவர்களுடைய வீட்டுப் பெண்கள் கரையில் நின்று, வராத இரண்டு படகுகளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்."

'எத்தனையாம் எண் கூண்டு?' என்பது வரியைத் தூக்கி வைக்கும் கேள்வி. இப்படி ஒன்று இருக்கட்டும், பிள்ளைக்குத் தைரியம் வரும். 'மூன்றாவது வாக்கியத்தில் அவரை என்பது யாரை?' என்பது சுட்டுப்பெயர்க் கேள்வி. சின்னதாகத் தெரிந்தாலும் வாக்கியங்களை இணைத்து வாசிக்கிறார்களா என்பதை உடனே காட்டிவிடும். 'செல்வியின் அப்பா ஏன் படகை எடுக்கவில்லை?' என்பதுதான் முக்கியமான கேள்வி. பத்தியில் 'பிகாஸ்' கிடையாது. முதல் இரண்டு வாக்கியங்களைப் பிள்ளைதான் கோத்துப் பார்க்க வேண்டும். 'சிரித்தவர்கள் எல்லாரும் உச்சிவேளைக்குள் திரும்பிவிட்டார்களா? எந்தச் சொற்களை வைத்துச் சொல்கிறாய்?' என்பது அடுத்த படி. 'எந்தச் சொற்களை வைத்து' என்ற அந்தத் துண்டை ஊகக் கேள்விகள், அதாவது பத்தியில் நேராகச் சொல்லாததைக் கேட்கும் கேள்விகள், எல்லாவற்றிலும் சேருங்கள். விடைக்கு 1, ஆதாரத்துக்கு 1 என்று மதிப்பெண்ணைப் பிரித்துவிட்டால் குருட்டாம்போக்கு விடைகள் தாமாகவே வெளியே தெரியும்.

இதே பத்தி இன்னொன்றையும் காட்டும். நாகப்பட்டினத்துப் பிள்ளைக்குப் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்றால் என்ன என்று சொல்லவே வேண்டாம். தருமபுரிப் பிள்ளை கூண்டு என்றதும் கிளியை நினைக்கலாம். இரண்டு பேரின் ஆங்கிலமும் ஒரே தரத்தில் இருந்தாலும் மதிப்பெண் வேறாக வரும். அமெரிக்காவில் 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டம் தெரிந்த, ஆனால் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரியாத நல்ல வாசிப்பாளர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். அதனால் ஒரே பத்தியை வைத்து எந்தப் பிள்ளையையும் எடைபோடாதீர்கள். ஒரு பருவத்தில் குறைந்தது மூன்று பத்திகள், வெவ்வேறு பொருளில் வேண்டும்: ஒன்று கதை, ஒன்று தகவல், ஒன்று அறிவிப்போ செய்முறையோ. ஒன்பதாம் வகுப்புக்கு ஒவ்வொன்றும் 150 முதல் 200 சொற்கள் போதும்.

பத்தி எவ்வளவு கடினம் என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். ஹூ, நேஷன் என்ற இரு மொழி ஆய்வாளர்களின் 2000ஆம் ஆண்டு ஆய்வின்படி, கதையைத் துணையில்லாமல் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். 200 சொல் பத்தியில் தெரியாத சொல் நான்குதான் இருக்கலாம் என்று அர்த்தம். வேறு பிரிவில் ஐந்தாறு பிள்ளைகளிடம் பத்தியைக் கொடுத்து, தெரியாத சொற்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஆளுக்குப் பதினைந்து இருபது கோடு விழுந்தால் அது சொல்லறிவுத் தேர்வாகிவிட்டது. பத்தியை மாற்றுங்கள், அல்லது அந்தச் சொற்களுக்குப் பொருளை அடியில் தந்துவிடுங்கள்.

இன்னும் சில பிள்ளைகளிடம் பத்தியைத் தராமல் கேள்விகளை மட்டும் கொடுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விருப்பக் கேள்வியில் குருட்டாம்போக்கில் கிடைப்பது 25 சதவீதம். அதைவிட நிறையப் பேர் சரியாகக் குறித்த கேள்வியைத் தூக்கிவிடுங்கள். அது பொது அறிவைச் சோதிக்கிறது. 'மரம் நடுவதால் என்ன பயன்?' வகைக் கேள்விகள் எல்லாம் இதில் மாட்டும். அமெரிக்காவில் பெயர்பெற்ற கிரே வாய்வழி வாசிப்புத் தேர்வுக்கே இந்தக் குறை இருந்ததை 2006இல் கீனன், பெட்ஜமன் இருவரும் காட்டினார்கள். நம் வினாத்தாளில் இருந்தால் ஆச்சரியமில்லை.

விருப்ப விடைகளைத் தயாரிக்கும்போது தவறான மூன்றுக்கும் ஒவ்வொரு வேலை கொடுங்கள். ஒன்று, பத்தியின் சொற்களையே கொண்டு பொருளைத் திருப்பியது. இன்னொன்று, உலகத்தில் உண்மை, பத்தியில் இல்லாதது. மூன்றாவது, பத்தியில் உள்ளதுதான், ஆனால் கேட்ட கேள்விக்கு விடையல்ல. பிள்ளை எதில் போய் விழுகிறது என்பதே ஒரு தகவல். முதலாவதில் விழுபவர் சொற்களைப் பொறுக்குகிறார், இரண்டாமதில் விழுபவர் பத்தியை விட்டுவிட்டுச் சொந்த அறிவில் எழுதுகிறார், மூன்றாவதில் விழுபவர் கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை. சரியான விடை மற்றவற்றைவிட நீளமாக இருக்கும் பழக்கத்தையும் கவனித்துத் தவிர்க்க வேண்டும். பிள்ளைகள் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி மொழி விஷயம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை: ஊகக் கேள்விகளுக்குத் தமிழில் விடை எழுத அனுமதியுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் வாசிப்பும் எழுத்தும் ஒன்றாகக் கலந்துவிடும். புரிந்த பிள்ளை வாக்கியம் அமைக்கத் தெரியாமல் வெறுமனே விடும்; புரியாத பிள்ளை வரியைக் காப்பியடித்து மதிப்பெண் வாங்கும். இஸ்ரேலில் எபிரேய மொழி பேசும் மாணவர்களிடம் எலானா ஷோஹமி செய்து 1984இல் வெளியிட்ட ஆய்விலும், ஆங்கிலப் பத்திக்குக் கேள்விகள் தாய்மொழியில் இருந்தபோது மாணவர்களுக்குச் சுலபமாக இருந்தது. பொதுத்தேர்வுக்கு ஆங்கில விடை வேண்டும் என்பது வாஸ்தவம். அதைத் தனிப் பயிற்சியாக வையுங்கள்; புரிதலை அளக்கிற நாளில் வேண்டாம். எழுத்துப்பிழைக்கு அன்று மதிப்பெண் குறைக்கவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்து மதிப்பெண் குறைந்தால், ஏன் குறைந்தது என்பது அடுத்த கேள்வி. கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் முன்வைத்த எளிய சூத்திரம் இங்கே கைகொடுக்கும்: வாசித்துப் புரிதல் என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரியும் திறனையும் பெருக்கி வருவது. பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். எது குறை என்று பார்க்க வழி இருக்கிறது. பிள்ளையைத் தனியே அழைத்து, முதலில் மௌனமாக ஒருமுறை வாசிக்கவிட்டு, பிறகு 100 சொற்களை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பத்துக்கு மேல் தடுக்கினால் அந்தப் பத்தி அவருக்கு மிகக் கடினம். எழுத்துக்கூட்டும் நிலையிலேயே வேலை இருக்கிறது என்பதற்கும் அது அடையாளம். 'இஸ்கூல்' என்று சொல்வதைப் பிழையாக எண்ணாதீர்கள், அது நாக்குப் பழக்கம். அடுத்து அதே தரத்தில் வேறொரு பத்தியை நீங்கள் மெதுவாக வாசித்துக் காட்டி, கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். காதால் கேட்டால் புரிகிறது, கண்ணால் வாசித்தால் புரியவில்லை என்றால் எழுத்துதான் தடை. இரண்டிலும் புரியவில்லை என்றால் சொல்லறிவும் வாக்கிய அமைப்பும்.

கடகடவென்று வாசிக்கிற பிள்ளைகளைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். உச்சரிப்பு சுத்தமாக இருப்பதால் ஆசிரியர் அவர்களைச் சோதிப்பதே இல்லை. அவர்களுக்குத் திரும்பச் சொல்லும் சோதனை பொருந்தும். பத்தியை முன்பே பத்துக் கருத்துத் துண்டுகளாகப் பிரித்து ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள மாதிரியில், படகு எடுக்காதது, கூண்டு ஏற்றியது, சிலர் போனது, சிரித்தது என்று போகும். பிள்ளை தமிழில் சொல்லச் சொல்ல டிக் அடியுங்கள். பத்தில் எத்தனை என்பதோடு, காரணமும் விளைவும் இணைந்து வந்ததா என்றும் குறியுங்கள். ஆளுக்கு நான்கு நிமிடம். நாற்பது பேர் வகுப்பில் நாளைக்கு நான்கு பேர் வீதம் பத்து வேலைநாளில் முடிந்துவிடும்.

வாக்கிய அமைப்பில் தமிழ்ப் பிள்ளைகள் வழுக்கும் இடங்கள் ஏறக்குறைய நிலையானவை. 'ஹி ஹார்ட்லி ஒர்க்ட்' என்பதை 'கடினமாக உழைத்தான்' என்று எடுத்துக்கொள்வார்கள். பொருள் நேர் எதிர். 'ரவி வாஸ் கிவன் எ புக்' என்றால் ரவி கொடுத்தான் என்பார்கள். பேச்சுத் தமிழில் செயப்பாட்டுவினை அபூர்வம், முதலில் வரும் பெயரையே செய்தவராகக் கொள்வது வழக்கம். 'ஹி ஃபெட் த டாக் ஆஃப்டர் ஹி லாக்ட் த டோர்' என்பதில் எது முதலில் நடந்தது என்று கேளுங்கள், பலர் நாய்க்குச் சோறு வைத்ததைச் சொல்வார்கள். 'அன்லெஸ்', 'ஆல்தோ', 'ஃப்யூ', 'எ ஃப்யூ' எல்லாம் இந்தப் பட்டியலில் சேரும். இப்படிப் பத்து வாக்கியங்களைக் கொடுத்து, 'யார் யாருக்கு என்ன செய்தார்? எது முதலில்?' என்று மட்டும் தமிழில் எழுதச் சொன்னால் பத்து நிமிடத்தில் வகுப்பு முழுவதன் நிலையும் தெரியும். பத்தியில் ஒரு பிள்ளை தப்பாக எழுதிய விடைக்கு இந்தப் பத்தில் ஒன்று காரணமாக இருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

கோடிட்ட இடம் நிரப்பும் 'க்ளோஸ்' முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வில்சன் டெய்லர் 1953இல் கொண்டுவந்தது. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் அப்படியே விட்டு, நடுவில் ஒவ்வொரு ஐந்தாவது சொல்லாக நீக்கிக்கொண்டே போவது. 250 சொல் நீக்கும் பகுதி இருந்தால் 50 கோடு, ஒவ்வொன்றும் 2 சதவீதம். அறுபதுக்கு மேல் என்றால் தானே வாசிக்கலாம், நாற்பதுக்குக் கீழ் என்றால் மிகக் கடினம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். ஆனால் அந்த எல்லைகள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளை வைத்து, அதே சொல் வந்தால்தான் சரி என்ற கணக்கில் போட்டவை. நம் பிள்ளைகளைத் தரம்பிரிக்க அதை வைக்காதீர்கள். இரண்டு பத்திகளில் எது கடினம் என்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'எ', 'த' விழுந்த கோடுகள் இலக்கணத்தைத்தான் சோதிக்கும். 'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்' போன்ற இணைப்புச் சொற்களை மட்டும் நீங்களே தேர்ந்து நீக்கினால் பயன் அதிகம்.

நேரம் போதாமல் விடுபட்டதா, புரியாமல் விடுபட்டதா என்ற குழப்பத்துக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. 25 நிமிடத்தில் மணி அடித்ததும் நீலப் பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலில் தொடரச் சொல்லி இன்னும் 15 நிமிடம் கொடுங்கள். பேனாவில் குறைவு, பென்சிலோடு சேர்த்தால் நல்ல மதிப்பெண் என்றால் அந்தப் பிள்ளைக்குத் தேவை வேகம். பென்சிலிலும் ஒன்றும் ஏறவில்லை என்றால் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய்ப் பயனில்லை.

மதிப்பெண் பதிவேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள்: எழுத்துக்கூட்டலுக்கு 'எ', சொல்லுக்கு 'சொ', வாக்கிய அமைப்புக்கு 'வா', வரிகளை இணைப்பதற்கு 'இ', பின்னணி அறிவுக்கு 'பி'. '8, இ' என்றும் '8, எ' என்றும் இருக்கும் இருவருக்கும் ஒரே மதிப்பெண். தர வேண்டிய பயிற்சி மட்டும் முற்றிலும் வேறு. ஒரு தவறை வைத்து எழுத்தைப் போட்டுவிடாதீர்கள். ஒரே வகைக் கேள்வி ஐந்தாறு, இரண்டு மூன்று பத்திகளில் தவறிய பிறகு போடுங்கள். முடிந்தால் பத்து விடைத்தாளை இன்னொரு ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்து, உங்கள் மதிப்பெண்ணைக் காட்டாமல் திருத்தச் சொல்லுங்கள். ஊகக் கேள்வியில் இருவருக்கும் அடிக்கடி வேறுபட்டால், கேள்வியின் சொற்களையோ விடைக்குறிப்பையோ திருத்திவிட்டுத்தான் அடுத்த வகுப்புக்குக் கொடுக்க வேண்டும்.